முறை தெரிந்தால் குணம் தெரியும்



சில வாரங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, பாயா ரும்புட்டில் உள்ள என் வீட்டுக்கு ஒரு தாயும் மகனும் வந்தார்கள். பையன் ஆறாம் ஆண்டு வரை என்னிடம் படித்தவன். கணக்கில் கெட்டிக்காரன். இப்போது இடைநிலைப் பள்ளியில் நான்காம் படிவம். தாயார் செம்பனைத் தோட்டத்தில் உரம் போடும் வேலை செய்கிறவர். காப்பியைக் கையில் வாங்கியவர் ஒரு வாய் குடிப்பதற்குள் பேச்சைத் தொடங்கிவிட்டார்.

“சார், இவன் கிமியா வேணாங்கிறான். வேற பாடம் மாத்திக்கிறேன்னு நிக்கிறான். எனக்கும் இவங்க அப்பாவுக்கும் அது என்னா பாடம்னே தெரியாது. நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க சார்.”

பையன் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசைமேல் விரித்தான். கட்டம் கட்டமாக, வண்ண வண்ணமாக ஒரு பெரிய அட்டவணை. மேலே ‘ஜடுவல் பெர்காலா உன்சூர்’ என்று எழுதியிருந்தது. தமிழில் இதைத் தனிம வரிசை அட்டவணை என்போம்.

“நூத்திப் பதினெட்டுப் பேரு சார். எல்லாத்தையும் எப்படி சார் மனப்பாடம் பண்றது?” என்றான்.

எனக்குச் சுருக்கென்றது. ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன் இதே தாளைப் பார்த்து, இதே கேள்வியை நான் மனத்துக்குள் கேட்டுக்கொண்டேன். வாய் திறந்து யாரிடமும் கேட்கவில்லை. விடிய விடிய ஒப்பித்தேன். தேர்வு முடிந்த மறுவாரம் எல்லாவற்றையும் மறந்தேன். ஆசிரியர் பயிற்சி முடித்து, பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லித்தர வேண்டிய நிலை வந்த பிறகுதான், அந்தத் தாள் மனப்பாடம் செய்வதற்காகப் போடப்பட்டதே அல்ல என்று புரிந்தது. மனப்பாடம் தேவைப்படாமல் இருப்பதற்காகவே ஒருவர் அதைப் போட்டார்!

அன்று அந்தப் பையனிடமும் தாயாரிடமும் நான் சொன்னதையே இங்கே உங்களுக்கும் சொல்கிறேன். உங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளை இந்தத் தாளைப் பார்த்து மிரண்டுபோய் இருக்கலாம் அல்லவா?

உரமூட்டையில் தொடங்குவோம்

“அம்மா, நீங்கள் போடும் உரமூட்டையில் என்ன எழுதியிருக்கும்?” என்று கேட்டேன்.

“நம்பரு போட்டிருக்கும் சார். பன்னெண்டு, பன்னெண்டு, பதினேழு, ரெண்டு.”

தோட்டத்தில் வேலை செய்கிற பலருக்கும் இந்த எண்கள் பழக்கமானவை. முதல் எண் நைட்ரஜன். இலை பச்சையாகத் தழைக்க. இரண்டாவது பாஸ்பரஸ், வேர் பிடிக்க. மூன்றாவது பொட்டாசியம், குலை திரண்டு கனக்க. நான்காவது மெக்னீசியம், பச்சையம் உண்டாக. நூறு கிலோ உரத்தில் இந்தச் சத்து இத்தனை கிலோ என்பதே கணக்கு. பின்னவை மூன்றையும் பிராணவாயுவோடு சேர்ந்த ஆக்சைடு கணக்கில் போடுவார்கள். செம்பனைக்கு இவற்றோடு சிறிதளவு போரோனும் வேண்டும். அது குறைந்தால் இளம் ஓலையின் நுனி கொக்கிபோல் வளைந்துகொள்ளும்.

நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம், மெக்னீசியம், போரோன் ஆகிய ஐந்தும் தனிமங்கள். தனிமம் என்றால் என்ன? இரசாயன முறைகளால் எவ்வளவு பிரித்தாலும் வேறு பொருளாகப் பிரியாதது. தண்ணீரைப் பிரித்தால் ஹைட்ரஜனும் பிராணவாயுவும் வரும். உப்பைப் பிரித்தால் சோடியமும் குளோரினும் வரும். சோடியத்தைப் பிரித்தாலோ சோடியமே வரும். தங்கம், இரும்பு, செம்பு, கந்தகம் எல்லாம் இப்படிப்பட்டவையே.

உலகத்தில் உள்ள அத்தனை பொருளும், நம் உடலும், மங்கில் சொட்டும் பாலும், கையில் உள்ள கைப்பேசியும், இந்தத் தனிமங்கள் தனித்தும் கூடியும் ஆனவை. இதுவரை கண்டறியப்பட்டவை 118. அவற்றைத்தான் அந்தத் தாளில் கட்டம் கட்டமாகக் குடியமர்த்தியிருக்கிறார்கள்.

“ஆக, கிமியா என்பது நீங்கள் தினமும் தோளில் சுமக்கிற மூட்டைதான்,” என்றேன். தாயார் மகனைப் பார்த்தார். மகன் தாளைப் பார்த்தான்.

சுவரில் தொங்கும் நாட்காட்டி

என் வீட்டுச் சுவரில் ஒரு நாட்காட்டி தொங்குகிறது. அதைக் காட்டிக் கேட்டேன்: “தம்பி, இந்த மாதம் 3-ஆம் தேதி வெள்ளிக்கிழமை என்று வைத்துக்கொள். மற்ற வெள்ளிகள் எவை?”

“பத்து, பதினேழு, இருபத்து நாலு, முப்பத்தொண்ணு.”

“மனப்பாடம் செய்தாயா?”

“இல்ல சார். ஒரே நேர்க்கோட்டுல கீழ கீழ வருது.”

அதுதான் விஷயம்! தேதி ஒன்று, இரண்டு, மூன்று என ஏறிக்கொண்டே போகிறது. ஆனால் கிழமை திரும்பத் திரும்ப வருகிறது. வெள்ளிக்கிழமை என்றால் கோயில், விரதம், வீடு கழுவுதல். தேதி எதுவானாலும் வெள்ளியின் குணம் ஒன்றே.

தனிமங்களும் அப்படியே. அவற்றுக்கு 1 முதல் 118 வரை எண் உண்டு. எண் ஏற ஏற, குணம் மாறிக்கொண்டே போய், சில வீடு தள்ளி மறுபடி பழைய குணமே திரும்புகிறது. ஒத்த குணம் உள்ளவை ஒன்றின்கீழ் ஒன்றாக நிற்கும்படி அடுக்கினால் அதுவே அந்த அட்டவணை. மேலிருந்து கீழாக நிற்பது நெடுவரிசை. பள்ளியில் ‘கும்புலான்’ என்பார்கள். மொத்தம் 18. இடமிருந்து வலமாகப் போவது கிடைவரிசை. அதற்குக் ‘காலா’ என்று பெயர். மொத்தம் 7.

நாட்காட்டிக்கும் இதற்கும் ஒரு வேறுபாடு உண்டு. நாட்காட்டியில் எல்லா வாரத்துக்கும் ஏழு நாள். இங்கே முதல் வரிசையில் 2 பேர், பிறகு 8, 8, 18, 18, 32, 32. கூட்டிப் பாருங்கள், 118 வரும். கடைசி இரு வரிசைகளும் தாளுக்குள் அடங்காத நீளம் என்பதால் அவற்றில் ஒரு பகுதியை வெட்டி அடியில் தனியே இரு கீற்றாகப் போட்டிருப்பார்கள். பிள்ளைகளை மிரட்டும் அந்த மேடு பள்ளத்துக்கு இவ்வளவுதான் காரணம்.

நம் வழக்கில் சொல்வதானால் நெடுவரிசை என்பது குடும்பம். ஒருவரை முன்பின் பார்த்ததில்லை. ஆனால் இன்னார் வீட்டுப் பிள்ளை என்று தெரிந்தால் அவரிடம் எப்படிப் பழகுவது என்பது நமக்குப் பிடிபட்டுவிடுகிறது அல்லவா? இங்கும் முறை தெரிந்தால் குணம் தெரியும்.

ஒரு தாயின் பயணம்

இந்த அட்டவணையை 1869-ஆம் ஆண்டு உருவாக்கியவர் ரஷ்ய நாட்டு திமித்ரி மெண்டலீவ். அவர் கதையைத் தாய்மார்கள் அவசியம் கேட்க வேண்டும்.

அவர் 1834-இல் சைபீரியாவில் தொபோல்ஸ்க் என்னும் ஊரில் பிறந்தார். பிள்ளைகள் நிறைந்த வீட்டில் கடைக்குட்டி. தந்தை பள்ளி ஆசிரியர். கண் பார்வை போய் வேலையை இழந்தார். தாயார் மரியா குடும்பத்தைக் காப்பாற்ற ஒரு கண்ணாடித் தொழிற்சாலையை எடுத்து நடத்தினார். 1847-இல் கணவர் இறந்தார். அடுத்த ஆண்டு தொழிற்சாலை தீப்பிடித்து எரிந்தது.

அந்த நிலையில் வேறு யாராக இருந்தாலும் பையனை வேலைக்கு அனுப்பியிருப்பார்கள். மரியா அவனைப் படிக்க வைக்க எண்ணி, ஈராயிரம் கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து மாஸ்கோவுக்கு அழைத்துப் போனார். அங்கே பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்கவில்லை. அவர் திரும்பிவிடவில்லை. செயிண்ட் பீட்டர்ஸ்பர்க் நகருக்குப் போனார். 1850-இல் அங்கிருந்த ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் மகனுக்கு இடம் கிடைத்தது. அதே ஆண்டில் அந்தத் தாய் கண்ணை மூடினார்.

மெண்டலீவ் ஆசிரியரானார், பேராசிரியரானார். மாணவர்களுக்காக இரசாயனப் பாடநூல் ஒன்று எழுதத் தொடங்கினார். அப்போது தெரிந்திருந்த தனிமங்கள் 63. எதை முதலில் சொல்வது, எதை எதோடு சேர்த்துச் சொல்வது? இந்தச் சிக்கலுக்கு வழி தேடும்போதுதான் அட்டவணை பிறந்தது. பாடம் நடத்துகிறவனுக்கு வந்த தலைவலியிலிருந்து பிறந்தது என்பதால் எனக்கு அதன்மேல் தனிப் பாசம்!

அணு எடைப்படி அவர் வரிசையாக அடுக்கினார். சில இடங்களில் அடுத்த தனிமத்தின் குணம் அந்தக் குடும்பத்துக்குப் பொருந்தவில்லை. மற்றவராயிருந்தால் எப்படியாவது நெருக்கி உட்கார வைத்திருப்பார். மெண்டலீவ் அந்த வீட்டைக் காலியாக விட்டுவிட்டு, ‘இங்கே குடிவர வேண்டியவர் இன்னும் வரவில்லை’ என்றார். அதோடு நிற்காமல், வரப்போகிறவரின் குணங்களையும் எழுதி வைத்தார். நாட்காட்டியில் ஒரு தேதி கிழிந்து போயிருந்தாலும் அது என்ன கிழமை என்று நாம் சொல்வதில்லையா? அதுபோலத்தான்.

பெயரில்லாத அவர்களுக்குப் பெயர் வைக்க அவர் எடுத்தது நம் பக்கத்துச் சொல். சமஸ்கிருதத்தில் ‘ஏக’ என்றால் ஒன்று. அலுமினியத்துக்கு ஒரு வீடு கீழே இருப்பது ‘ஏக அலுமினியம்’; சிலிக்கனுக்கு ஒரு வீடு கீழே ‘ஏக சிலிக்கன்’.

1875-இல் பிரான்சில் ஒருவர் ஒரு புதிய உலோகத்தைக் கண்டார். அது காலியம், மெண்டலீவ் சொன்ன ஏக அலுமினியம்தான். ஆனால் அதன் அடர்த்தி 4.7 என்று அவர் கணக்கிட்டிருந்தார். ‘தவறு, 5.9 பக்கம் இருக்க வேண்டும். மறுபடி அளந்து பாருங்கள்’ என்றார் மெண்டலீவ். அந்த உலோகத்தை அவர் கண்ணால்கூடப் பார்த்ததில்லை! சுத்தம் செய்து மறுபடி அளந்தபோது 5.9 என்றே வந்தது. இந்தக் காலியம் 30 டிகிரி வெப்பத்திலேயே உருகிவிடும். நம் மலாக்கா நண்பகலில் மேசைமேல் வைத்தால் தண்ணீராய் ஓடும்.

1886-இல் ஜெர்மனியில் ஏக சிலிக்கனும் கிடைத்தது. ஜெர்மானியம் என்று பெயரிட்டார்கள். அணு எடை 72 என்று மெண்டலீவ் எழுதியிருந்தார். இன்றைய கணக்கு 72.6. அதற்குப் பிறகு அட்டவணையைச் சந்தேகித்தவர்கள் வாயடைத்துப் போனார்கள்.

குணம் ஏன் திரும்புகிறது?

மெண்டலீவுக்கே இதற்கு விடை தெரியாது. அணுவின் உட்புறம் தெரிந்த பிறகுதான் புரிந்தது.

ஒவ்வோர் அணுவின் நடுவிலும் கரு உண்டு. அதில் உள்ள புரோட்டான்களின் எண்ணிக்கையே தனிமத்தின் எண். 1913-இல் இதை அளந்து காட்டிய மோஸ்லி என்னும் ஆங்கில இளைஞர், இரண்டு ஆண்டில் கலிப்போலிப் போரில் 27 வயதிலேயே மாண்டார். அவர் கணக்கு வந்த பிறகு, எடைக்குப் பதிலாக இந்த எண்ணே வரிசைக்கு அடிப்படை ஆயிற்று.

கருவைச் சுற்றி எலெக்ட்ரான்கள் அடுக்கடுக்காக உள்ளன. முதல் அடுக்கில் 2 பேருக்கு இடம், அடுத்ததில் 8. சோடியத்தின் எண் 11. அதன் எலெக்ட்ரான்கள் 2, 8, 1. பொட்டாசியத்தின் எண் 19. அதில் 2, 8, 8, 1. இரண்டிலும் வெளித்திண்ணையில் உட்கார்ந்திருப்பது ஒருவரே! வீட்டுக்கு வருகிறவர் திண்ணையில் இருப்பவரோடுதானே பேசுவார்? அதுபோல அணுவும் அணுவும் சேர்வது வெளி அடுக்கைப் பொறுத்தது. வெளியே ஒன்று உள்ளவை எல்லாம் ஒரு குடும்பம். ஏழு உள்ளவை எல்லாம் ஒரு குடும்பம்.

ஒன்று உள்ளவன் அதைக் கொடுத்துவிடத் துடிப்பான். ஏழு உள்ளவன் எட்டாக்கிக்கொள்ள ஒன்றைத் தேடி அலைவான். சோடியமும் குளோரினும் இப்படிக் கொடுத்து வாங்கிக்கொண்டதுதான் நாம் ரசத்தில் போடும் உப்பு. வெளி அடுக்கு நிறைந்தவர்களோ யாரிடமும் எதுவும் கேட்பதில்லை, கொடுப்பதும் இல்லை. ஹீலியம், நியோன், ஆர்கோன் போன்ற அந்த வாயுக்கள் கடைசி நெடுவரிசையில் சாமியார்போல் உட்கார்ந்திருக்கின்றன.

அந்தக் குடும்பத்தில் ஹீலியம் வந்த கதையில் நம் பக்கத்துக்கும் ஒரு பங்கு உண்டு. 1868 ஆகஸ்டு 18-ஆம் நாள் முழுச் சூரிய கிரகணம். அன்றைய சென்னை மாகாணத்தில் இருந்த குண்டூரில் பிரெஞ்சுக்காரர் ஜான்சென் கருவிகளோடு காத்திருந்தார். மசூலிப்பட்டணத்தில் சென்னை வானாய்வகத்தின் பொக்சன் காத்திருந்தார். சூரியனின் விளிம்பு ஒளியைப் பிரித்துப் பார்த்தபோது மஞ்சள் கோடு ஒன்று பளிச்சிட்டது. அது சோடியத்தின் கோடு அன்று, பூமியில் அறியாத ஒரு தனிமத்தின் கோடு என்று பின்னர் இங்கிலாந்தில் லாக்கியர் கூறினார். பூமியில் அது கிடைத்தது 1895-இல்தான். அதற்கு முந்திய ஆண்டு ஆர்கோன் கிடைத்திருந்தது. இவர்களுக்கு அட்டவணையில் இடமே இல்லை! முதலில் மெண்டலீவே தயங்கினார். ஆனால் 1898-இல் இதே குணத்தில் இன்னும் மூவர் வந்தபோது, ஓரத்தில் ஒரு புதிய நெடுவரிசையே சேர்க்கப்பட்டது. அட்டவணை குலையவில்லை, இன்னும் நிறைவாயிற்று.

நம் ஊர் நெடுவரிசைகள்

மலாக்காவுக்கும் ரப்பருக்கும் பழைய உறவு. 1896-இல் தான் சே யான் என்பவர் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்டார். மலாயாவில் வணிகத்துக்காக ரப்பர் நட்டது அதுவே முதல் தடவை. நம் முன்னோர் வெட்டிய பால் உறைந்து ஷீட்டாகிக் கப்பலேறியது. ஆனால் வெறும் ரப்பர் வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் விறைக்கும். அதைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கினால் உறுதிப்படும் என்று அமெரிக்காவில் குட்இயர் 1839-இல் கண்டார். ரப்பரின் நீண்ட இழைகளைக் கந்தகம் குறுக்கே முடிச்சுப் போட்டுக் கட்டுகிறது. அதனால்தான் டயர் டயராக நிற்கிறது. இப்போது கந்தகத்துக்குக் கீழே அட்டவணையில் யார் என்று பாருங்கள்: செலினியம், டெலூரியம். ரப்பரை முடிச்சுப் போட அவற்றையும் பயன்படுத்துவது உண்டு. அண்ணன் செய்யும் வேலையைத் தம்பிகளும் செய்கிறார்கள்!

ஆனால் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் எல்லாரும் ஒன்றுபோல் இருப்பதில்லை. பதினான்காம் நெடுவரிசையைப் பாருங்கள். மேலே கரி, அது உலோகம் அன்று. அதன்கீழ் சிலிக்கன், ஜெர்மானியம். இவை பாதி உலோகக் குணம் கொண்டவை. அதற்கும் கீழே வெள்ளீயம், ஈயம், இவை உலோகங்கள். கீழே போகப் போக உலோகக் குணம் ஏறுகிறது. இது எல்லாக் குடும்பத்துக்கும் பொதுவான போக்கு. மலாக்கா சுல்தான்கள் காலத்துக் காசு வெள்ளீயத்தில் அடித்தது. இன்று உணவு டின்களின் உட்பூச்சும் வெள்ளீயமே. அதற்கு அடுத்த வீட்டு ஈயமோ பிள்ளைகளின் மூளையைப் பாதிக்கும் நஞ்சு. முறை தெரிந்தால் குணம் தெரியும்; ஆனால் மூத்தவர் இளையவர் வேறுபாட்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

அதே நெடுவரிசையின் சிலிக்கன்தான் கைப்பேசியின் சிப்புக்கு உயிர்நாடி. நம் பிள்ளைகள் பலர் பத்து பெரண்டாம் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு வேலைக்குப் போவதை நீங்கள் அறிவீர்கள். சிலிக்கனின் வெளி அடுக்கில் 4 எலெக்ட்ரான். சுத்தச் சிலிக்கனில் மின்சாரம் சரியாக ஓடாது. வலப்புறத்து நெடுவரிசையில் உள்ள, 5 எலெக்ட்ரான் கொண்ட பாஸ்பரஸைத் துளியளவு கலப்பார்கள், ஒன்று மிஞ்சும். இடப்புறத்து நெடுவரிசையில் உள்ள, 3 கொண்ட போரோனைக் கலப்பார்கள், ஒன்று குறையும். இந்த மிச்சமும் குறையும் சேர்ந்ததே சிப்பின் சூட்சுமம். பாஸ்பரஸ், போரோன்! அந்தத் தாயார் உரமூட்டையில் சுமக்கிற அதே இரண்டு பேர்.

உறவை அறியாவிட்டால் ஆபத்து

என் தாத்தா ஒரு கதை சொல்வார். அவர் வாலிபராக இருந்தபோது லாலாங் புல்லை அழிக்க ஒரு மருந்து அடிப்பார்களாம். மருந்தடித்த புல்லை மேய்ந்த மாடு மாலைக்குள் விழுந்துவிடுமாம். கையுறையும் முகமூடியும் அப்போது யார் கண்டது? மருந்தின் பெயர்கூட அவருக்குத் தெரியாது.

அது சோடியம் ஆர்சனைட்டு. 1960-களில் வேறு களைக்கொல்லிகள் பரவும் வரை மலாயாத் தோட்டங்களில் அது பெருவழக்காக இருந்தது. அதில் உள்ள ஆர்சனிக்தான் நம் பெரியவர்கள் பாஷாணம் என்றது. அட்டவணையில் ஆர்சனிக் எங்கே இருக்கிறது? பாஸ்பரஸுக்கு நேர் கீழே!

பாஸ்பரஸ் நம் உடலுக்கு உயிர்ச்சத்து. எலும்பிலும் இருக்கிறது, ஒவ்வோர் உயிரணுவுக்கும் சக்தி தருவதிலும் இருக்கிறது. ஆர்சனைட்டு மண்ணில் கிடந்து பிராணவாயு ஏறினால் ஆர்சனேட்டு ஆகும். பார்வைக்கும் பழக்கத்துக்கும் பாஸ்பேட்டு மாதிரியே இருக்கும். செடியின் வேரும் நம் உயிரணுவும் ‘நம் வீட்டுப் பிள்ளை’ என்று நம்பி அதை உள்ளே விடும். உள்ளே போனதும் அது வேலையைக் கெடுக்கும். ஆர்சனிக் உயிரை வாங்கும் வழிகளில் இதுவும் ஒன்று.

இதைச் சொல்லிவிட்டுப் பையனிடம் கேட்டேன்: “கால்சியம் தெரியுமா?”

“சுண்ணாம்புச் சத்து. எலும்புக்கு, பல்லுக்கு.”

“அதற்குக் கீழே யார்?”

தாளில் விரல் வைத்துத் தேடினான். “ஸ்ட்ரோன்தியம். கேள்விப்பட்டதே இல்ல சார்.”

“வேண்டாம். 1950-களில் பெரிய நாடுகள் அணுகுண்டுகளை வெடித்துச் சோதித்தன. கதிரியக்கம் உள்ள ஸ்ட்ரோன்தியம் காற்றில் பறந்து புல்லில் படிந்தது. அந்தப் புல்லை மாடு தின்றது. மாட்டுப் பாலைக் குழந்தைகள் குடித்தார்கள். அது உடம்பில் எங்கே போயிருக்கும்?”

சற்று நேரம் பேசாமல் இருந்தான். விரல் மட்டும் கால்சியத்துக்கும் ஸ்ட்ரோன்தியத்துக்கும் இடையே மேலும் கீழும் போய் வந்தது.

“எலும்புல போயி உக்காந்துக்குமா சார்?”

வாசகர்களே, அந்தப் பெயரை அவன் அன்றுதான் முதலில் படித்தான். எந்தப் புத்தகத்திலும் பார்க்காமல், இடத்தை மட்டும் பார்த்துக் குணத்தைச் சொன்னான். அன்று அறிஞர்கள் குழந்தைகளின் விழுந்த பாற்பற்களைச் சேகரித்துச் சோதித்துக் கண்டதும் அதையேதான். மெண்டலீவ் செய்ததும் இதுவே என்று அவனிடம் சொன்னேன். முகம் மலர்ந்துவிட்டது.

பக்கத்தில் இருந்த தாயார், “இதுக்கெல்லாம் மருந்தே இல்லையா சார்?” என்றார்.

“முதல் நெடுவரிசையில் பொட்டாசியத்துக்கு இரண்டு வீடு கீழே சீசியம் என்று ஒருவர் இருக்கிறார் அம்மா. 2011-இல் ஜப்பானின் புக்குஷிமா அணுமின் நிலையம் வெடித்தபோது கதிரியக்கச் சீசியம் வயல்களில் படிந்தது. நெற்பயிர் அதைப் பொட்டாசியம் என்று நினைத்து உறிஞ்சக்கூடும். அதைக் குறைக்க அங்கே என்ன செய்தார்கள் தெரியுமா? வயலில் பொட்டாசிய உரத்தை நிறையப் போட்டார்கள். உண்மையான சொந்தக்காரன் போதுமான அளவு இருந்தால் பயிர் போலியைத் தேடிப் போகாது.”

“நாங்க போடுறமே, அதே ஒரமா சார்?”

“அதே சத்துதான் அம்மா.”

அவர் காப்பியை அப்போதுதான் குடித்தார்.

பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும்

முதலாம் படிவத்து அறிவியலிலேயே இந்த அட்டவணை பிள்ளைகளுக்கு அறிமுகமாகிறது. நான்காம் படிவக் கிமியாவில் விரிவாக வருகிறது. தமிழ்ப்பள்ளியிலிருந்து போகிற பிள்ளைக்கு மொழியும் புதிது, பாடமும் புதிது. இரண்டும் சேர்ந்து மிரட்டும்போது, ‘எனக்கு வராது’ என்று ஒதுங்குகிறான். வராமல் போவது பெரும்பாலும் பாடம் அன்று, தொடக்கம். சில எளிய வழிகளைச் சொல்கிறேன்.

முதலில், 118-ஐயும் ஒப்பிக்க வேண்டாம். முதல் 20 தனிமங்களை மட்டும் எழுதிப் பழகட்டும். அவற்றின் எலெக்ட்ரான்களை 2, 8, 8, 2 என்று அடுக்கத் தெரிந்தால் முக்கால் பாடம் கைக்கு வந்துவிடும்.

இரண்டாவது, குடும்பம் குடும்பமாகப் படிக்கட்டும். முதல் நெடுவரிசையில் லித்தியம் தண்ணீரில் மெல்லச் சீறும்; சோடியம் சீறிக்கொண்டு ஓடும்; பொட்டாசியம் தீப்பற்றும். இளையவர் ஆக ஆக முன்கோபம் கூடுகிறது! பதினேழாம் நெடுவரிசையில் இது தலைகீழ். மேலே உள்ள புளோரினுக்கே வேகம் அதிகம். இப்படிக் கதையாகப் படித்தால் மறக்காது.

மூன்றாவது, சுருக்கெழுத்தைக் கண்டு குழம்ப வேண்டாம். பொட்டாசியத்துக்கு ஏன் ‘கே’ என்று பலர் கேட்பார்கள். பள்ளியில் மலாயில் அதன் பெயர் காலியும். அதன் முதல் எழுத்து ‘கே’. நாம் மேலே பார்த்த காலியம் வேறு, இது வேறு. சோடியம் மலாயில் நாத்ரியும், செம்பு குப்ரும், ஈயம் பிளம்பும். லத்தீன் பெயர்களிலிருந்து வந்த சுருக்கெழுத்துகள் இந்தப் பெயர்களோடு பெரும்பாலும் ஒத்துப்போகின்றன. ஆங்கிலத்தில் படிக்கிறவனைவிட இந்த ஒரு விஷயத்தில் நம் பிள்ளைக்கு வசதி அதிகம்!

நான்காவது, பெற்றோருக்கு. உங்களுக்குக் கிமியா தெரியாது என்று ஒதுங்கி நிற்காதீர்கள். உரமூட்டையின் எண்ணையும், பற்பசைக் குழாயின் பின்புறத்தையும், உப்புப் பொட்டலத்தையும் பிள்ளையிடம் காட்டி, ‘இதில் என்ன இருக்கிறது, அது எந்தக் கட்டத்தில் இருக்கிறது?’ என்று கேளுங்கள். உங்களுக்கு விடை தெரிய வேண்டியதில்லை. நீங்கள் கேட்கிறீர்கள் என்பதே அவனுக்குப் பெரிய பலம். மரியா மெண்டலீவுக்கு இரசாயனப் பாடம் சொல்லித்தரவில்லை. பாடம் இருக்கும் இடத்துக்கு மகனைக் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

இருட்டும் வேளையில் இருவரும் புறப்பட்டார்கள். “என்ன தம்பி, பாடத்தை மாற்றப் போகிறாயா?” என்றேன். “அரையாண்டுச் சோதனை வரைக்கும் பாக்கிறேன் சார்,” என்றான். அது போதும். உடனே விஞ்ஞானி ஆகிவிடுவேன் என்று அவன் சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன்.

தாளை மடிக்கப் போனவனைத் தாயார் தடுத்தார். “மடிக்காதடா, கிழிஞ்சிடும். சுருட்டி எடுத்துக்க. வீட்டுல நாட்காட்டி பக்கத்துல ஒட்டிக்கலாம்,” என்றார்.

உங்கள் வீட்டு நாட்காட்டியின் பக்கத்திலும் கொஞ்சம் இடம் இருக்குமே?